முட்டையைத் தொடாமல் ஒரு ஜீன் படிப்போமா?

கோழி முட்டையோட வெள்ளைக்கருவில் ஓவோமியூகாய்ட் என்று ஒரு புரதம் இருக்கு. மத்த புரதங்களை வெட்டுற டிரிப்சின் என்சைமைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. வெள்ளைக்கருப் புரதத்தில் சுமார் 11 சதவீதம் இதுதான். மொத்தம் 186 அமினோ அமிலங்கள், மூன்று பகுதிகள்.

இதன் ஜீனை எப்படிப் பிடிச்சாங்க? புரதம் தயாராகிற இடம் கோழியின் முட்டைக்குழாய். அங்கே அதன் எம்-ஆர்என்ஏ நிறைய கிடைக்கும். அதை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் வைத்து டிஎன்ஏ-வா மாத்தி, பிளாஸ்மிட்டில் ஒட்டி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள விட்டா போதும். பாக்டீரியா பெருகும், ஜீனும் பெருகும். அப்புறம் வரிசையைப் படிக்கலாம்.

1980-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஓமாலி குழு முழு ஜீனையும் ஆராய்ந்து சொன்னது: 8 எக்ஸான், நடுவுல 7 இன்ட்ரான். புரதத்தின் மூன்று பகுதிகளையும் பிரிக்கிற எல்லையில் இன்ட்ரான் உட்கார்ந்திருக்கு!

ஒரு பறவையைப் படிச்சா போதாதா? போதாது. கோழியோடது டிரிப்சினை மட்டும் தடுக்கும். வான்கோழியோடது கைமோடிரிப்சினையும் சேர்த்துத் தடுக்கும். 1987-ல் பர்டூ பல்கலைக்கழகத்தின் லஸ்கோவ்ஸ்கி குழு 100 பறவை இனங்களின் மூன்றாம் பகுதியை ஒப்பிட்டது. பொதுவா ஒரு புரதத்தில் வேலை செய்கிற இடம் மாறவே மாறாது. இங்கே உல்டா: என்சைமைத் தொடுகிற இடங்கள்தான் அதிகமா மாறியிருந்தது.

இப்போ நம்ம ராமநாதபுரத்துக்கு வாங்க. சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று நாலு சரணாலயம் பக்கத்திலேயே இருக்கு. அங்கே வர்ற கூழைக்கடாவின் ஜீனைப் படிக்கணும்னா என்ன செய்வீங்க? முட்டையை எடுக்க 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. முட்டைக்குழாய் பற்றிப் பேச்சே இல்லை.

ஆனா வனத்துறை அனுமதியோட, உதிர்ந்த இறகு ஒன்று போதும். இறகின் அடியில் இருக்கிற செல்லிலும் அதே டிஎன்ஏ-தான். எம்-ஆர்என்ஏ கிடைக்காததால் பிசிஆர் வழியா நேரா ஜீனையே பெருக்கணும். இன்ட்ரானும் கூடவே வரும். கோழி ஜீனை வைத்து எல்லையைக் கணித்து, கம்ப்யூட்டரில் வெட்டிடலாம். ஒரு எச்சரிக்கை: பிரைமரை மாறாத இடத்தில் வையுங்க. மாறுகிற இடத்தில் வைத்தா ஒட்டவே ஒட்டாது.

ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடுற பயோடெக் ஜூனியர்ஸ், சாம்பிள் எங்கிருந்து வருது என்பதை முதலில் முடிவு பண்ணுங்க. மத்த டிசைன் எல்லாம் அதற்குப் பின்னாடிதான்.