இடைக்காட்டூர்த் திருஇருதயக் கோவில்: ஒரு வழிநூல்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துகிறது நன்னூல். முதல்நூலோடு பெரும்பாலும் ஒத்துச் சென்று, பின்வந்த ஆசிரியன் வேண்டுமிடத்து வேறுபட்டு அமைவது வழிநூல். மாணவர் இப்பாகுபாட்டைத் தேர்வுக்கென மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது வழக்கம். கட்டடக் கலைக்கும் இது பொருந்துமா என எண்ணிப் பார்க்கச் சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று நமக்கு வாய்ப்பளிக்கிறது. மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியில், முத்தனேந்தலை அடுத்துள்ள இடைக்காட்டூரே அது. இடைக்காட்டுச் சித்தரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஊர் என்பதால் தமிழ் மாணவர்க்கு அதன் பெயர் புதிதன்று. ஆயினும், அங்குள்ள திருஇருதய ஆண்டவர் கோவிலை நம்முள் கண்டோர் சிலரே.

இக்கோவிலை 1894இல் எழுப்பியவர் பெர்டினாண்ட் செல் என்னும் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி. நோய் நீங்கிய பிரெஞ்சுப் பெண்மணி ஒருவரின் காணிக்கை இதற்கு உதவியது என்பது ஊரார் வழங்கும் செய்தி. 1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபையின் மதுரைப் பணித்தளம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து பிரெஞ்சுத் துறவியரின் பொறுப்பில் இருந்தது. ஆகவே, கோவிலுக்கு முன்மாதிரி தேடியவர் உரோமாபுரியை நாடாது தம் தாய்நாட்டு இரைம்சு நகரப் பேராலயத்தை நாடியதில் வியப்பில்லை.

முதல்நூலை முதற்கண் காண்போம். 1211இல் தொடங்கப்பெற்ற இரைம்சுப் பேராலயம் முழுவதும் சுண்ணக்கல்லால் ஆயது. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய இடம் அது. அதன் நடுக்கூடம் ஏறத்தாழ 38 மீட்டர் உயரம். கோபுரங்கள் ஏறத்தாழ 81 மீட்டர். அங்குள்ள சிலைகள் ஈராயிரத்திற்கும் மேற்பட்டவை. வானதூதர் உருவங்கள் மிகுந்திருத்தலின் 'வானதூதர் பேராலயம்' என்றே அதனைப் போற்றுவர். இத்தகைய கட்டடத்தின் உயிர்நிலை, உச்சியில் இரு வில்கள் கூடி முனையாகும் வளைவாகும். அரைவட்ட வளைவைவிட முனைவளைவு சுமையைக் கூடுதலாகக் கீழ்நோக்கிச் செலுத்தும். பக்கவாட்டில் உந்துவது குறையும். அதனால் சுவர் மெலியலாம், கூடம் உயரலாம், சாளரம் விரியலாம்.

இம்முனைவளைவு ஐரோப்பாவிலேயே தோன்றியது எனக் கருதுவோர் உளர். ஆனால் கெய்ரோ நகரில் 879இல் நிறைவுற்ற இப்னு தூலூன் பள்ளிவாசலில், செங்கல்லால் ஆன முனைவளைவுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இரைம்சுக்கு அடிக்கல் நாட்டப்பெறுவதற்கு 300 ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவை அவை. பெருமை பேசுவதற்காக இதனை ஈண்டுக் கூறினோமல்லேம். கல்லுக்கே உரியதென நாம் நினைக்கும் வடிவம் செங்கல்லிலும் முன்பே பழகியது என்பதைக் காட்டவே கூறினோம்.

இனி வழிநூலுக்கு வருவோம். வைகைப் படுகையில் இரைம்சுச் சுண்ணக்கல் கிடையாது, கிடைப்பது களிமண். மானாமதுரையின் மண்பாண்டமும் கடமும் அம்மண்ணின் புகழை நாடறியச் செய்தவை. இடைக்காட்டூர்க் கோவிலுக்கென ஏறத்தாழ 200 வகை அச்சுகளில் செங்கல்லும் ஓடும் வார்க்கப்பட்டன என்பர். இக்கட்டடத்தின் சிறப்பே இந்த எண்ணிக்கையில்தான் அடங்கியுள்ளது என்பது நம் கருத்து.

கல்தச்சன் கல்லை நிறுத்திய பின்னும் உளியால் செதுக்கித் திருத்தலாம். செங்கல்லுக்கு அவ்வாய்ப்பு இல்லை. சூளையில் வெந்தபின் செதுக்கினால் மேற்பரப்புச் சிதையும். உள்ளிருக்கும் மென்மை வெளிப்பட்டு மழையில் கரையும். எனவே வளைவின் ஒவ்வொரு வரைக்கும், தூணின் ஒவ்வொரு வரிக்கும், மண் ஈரமாய் இருக்கும்போதே வடிவம் முடிவாக வேண்டும். காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்குமாதலின், அச்சினைச் சற்றே பெரிதாகச் செய்ய வேண்டும். எத்தனை சுருங்கும் என்பது அந்தந்த மண்ணைக் கையாண்டவர்க்கே தெரியும். பிரான்சிலிருந்து வரைபடம் வரலாம். இக்கணக்கு வர இயலாது. வடிவம் இரைம்சுடையது, அதனை வைகை மண்ணிற்கு உரியதாக மாற்றிய அறிவு இந்நாட்டவருடையது. அத்தொழிலாளர் பெயர்களை நாம் பாட நூல்களில் காண்பதில்லை.

வளைவு கட்டும் திறமும் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் பெரும் வளைவுகள் செங்கல்லும் சுதையும் கொண்டு ஆனவை. கல் தூணின்மேல் கல் உத்தரம் வைக்கும் பழந்தமிழ்க் கோவில் மரபினின்றும் வேறான இம்மரபு, இடைக்காட்டூருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகவே அண்டை வீட்டுச் சொத்தாக இருந்தது.

இக்கோவிலில் 153 வானதூதர் உருவங்கள் உள்ளன. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தைப் படித்தோர்க்கு, வலையில் அகப்பட்ட மீன்களின் தொகையும் 153 என்பது நினைவிற்கு வரும். அளவில் ஒரு சிற்றூர்க்கு ஏற்பச் சுருங்கினாலும், முதல்நூலின் தலையாய கூறு எதுவெனத் தெரிந்து அதனை விடாது காத்திருக்கிறார்கள். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாட வந்தபோது, மருதநிலத்து வயலும் வாளையும் அங்கே வந்து புகுந்தன. தேம்பாவணியில் வீரமாமுனிவர் செய்ததும் அதுவே. சொல்லில் அவர்கள் செய்ததைச் செங்கல்லில் செய்த கட்டடம் இது. இதனை 'இரைம்சின் நகல்' எனச் சுற்றுலாக் கையேட்டு நடையில் கூறுவது குறைத்துக் கூறலேயாகும்.

1914 செப்டம்பரில் செருமானியப் பீரங்கிக் குண்டுகளால் இரைம்சுப் பேராலயத்தின் கூரை எரிந்தது. புகழ்பெற்ற புன்னகை வானதூதரின் தலை உடைந்து வீழ்ந்தது. சீரமைக்கப்பெற்று அது மீண்டும் திறக்கப்பட்டது 1938இல். அக்காலமெல்லாம் வழிநூல் வைகைக் கரையில் பழுதின்றி நின்றது.

எனினும், குண்டு வீழாமலே கட்டடம் அழியவும் வழியுண்டு. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்து, செங்கல் பொடியும். நன்னோக்கத்தோடு செய்யும் இப்பூச்சினால் பழைய பள்ளிவாசல்களும், மாதா கோவில்களும், அம்மன் கோவில்களும் ஒரே வகையில் கெடுவதை ஊர்தோறும் காண்கிறோம். செங்கல்லில் ஆன வழிநூலைச் சிமெண்டில் திருத்துவது, வெண்பாவில் தளை தட்டிய இடத்தை உரைநடையால் நிரப்புவதை ஒக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பரைத்துச் சாந்து கூட்டத் தெரிந்த முதிய கொத்தனார்கள் நம் மாவட்டங்களில் இன்னும் சிலர் உளர். கமான், கரணை, கடைக்கால், சாரம் என அவர்தம் நாவில் வழங்கும் சொற்களை நம் துறை மாணவர் ஒருவர் ஆய்வேட்டுக்கெனத் தொகுக்க முன்வருவாராயின், இடைக்காட்டூரிலிருந்தே தொடங்கலாம். அவற்றுள் முதற்சொல்லாகிய 'கமான்' வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல்.