உள்ளங்கை அரிப்பு

புக்கிட் செலம்பாவ்,
சனி இரவு

கண்ணு,

நேற்று போனில் தொட்டில் பற்றியே பேசினாய். நடுவில் ஒரு பேச்சு: "ராத்திரியில உள்ளங்கையும் பாதமும் அரிக்குது அத்தே, உடம்புச் சூடுதான்." அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நேரில் சொன்னால் சிரித்து மழுப்புவாய், அதனால் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன்.

இரண்டாவது பிள்ளைக்கு எட்டாம் மாதத்தில் எனக்கும் இதேதான். அப்போது தோட்டத்து லயத்தில் இருந்தோம். தோலில் தடிப்பு, கொப்புளம் ஒன்றும் கிடையாது. பாதத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்ப்பேன். அது போதாமல் சீப்பு. விடிந்து பார்த்தால் கைலியில் புள்ளி புள்ளியாக ரத்தம். பிள்ளைக்கு முடி முளைக்கிறது, அதான் அரிக்கிறது என்று பாட்டிமார்கள் வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். தோட்டத்து டிரெஸர் லோஷன் கொடுத்தார். ரத்தம் எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பையன் நல்லபடியாகப் பிறந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்த அரிப்பு கல்லீரலிலிருந்து வருகிறது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கர்ப்பகால ஹார்மோன்கள் சிலருக்குப் பித்த ஓட்டத்தை மந்தமாக்கிவிடும். குடலுக்குப் போகவேண்டிய பித்த அமிலம் ரத்தத்தில் தங்கிவிடும். டாக்டர்கள் 'கொலஸ்டாசிஸ்' என்பார்கள். அரிதுதான். பிரிட்டன் கணக்கில் ஆயிரம் கர்ப்பிணிகளில் 7 பேர். இந்திய, பாகிஸ்தானிய வம்சத்துப் பெண்களில் 12 முதல் 15. குடும்பத்தில் வந்திருந்தால் டாக்டர் அதையும் கேட்பார். அத்தைக்கும் இதே அரிப்பு வந்தது என்று சொல்.

தாய்க்குப் பெரும்பாலும் தூக்கம்தான் போகும். பயம் பிள்ளைக்கு. 2019-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், பித்த அமிலம் 100-ஐ எட்டியவர்களில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் குழந்தை வயிற்றிலேயே இறந்திருக்கிறது. 40-க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆயிரத்துக்கு ஒன்று சொச்சம்தான். பிரசவத்தை எப்போது வைத்துக்கொள்வது என்று டாக்டர் முடிவெடுப்பது இந்த அளவைப் பார்த்துத்தான். அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வில், வழக்கமாகக் கொடுக்கும் உர்சோ மாத்திரையால் பிள்ளைக்குப் பெரிய பலன் தெரியவில்லை. மாத்திரை கிடைத்துவிட்டது என்று ரத்தச் சோதனையை விட்டுவிடாதே.

கர்ப்பகாலப் பிங்க் புக்கில் ஆபத்து இல்லை என்று வெள்ளை ஸ்டிக்கர்தானே ஒட்டியிருக்கிறது என்கிறாய். அது போன மாதத்து உடம்புக்கு ஒட்டியது. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியிடம் அரிப்பு என்பதை 'காத்தால்' என்று ஒற்றை மலாய்ச் சொல்லில் முடித்தால் கிரீமோடு திரும்பி வருவாய். உள்ளங்கை, பாதம், ராத்திரியில் அதிகம், தடிப்பு இல்லை என்று வரிசையாகச் சொல். சிறுநீர் கறுத்திருந்தால் அதையும் சொல், இதற்கெல்லாம் வெட்கப்படாதே. சோதனை சரியாக வந்தும் அரிப்பு நிற்கவில்லையென்றால் ஒரு வாரத்தில் மறுபடி எடுக்கச் சொல். அரிப்புதான் சில சமயம் முதலில் வரும், ரத்தம் பிறகுதான் காட்டும்.

பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, கடுமையான தலைவலியோ வலது விலாவுக்குக் கீழே வலியோ வந்தாலோ, கண் மங்கினாலோ, கிளினிக் திறக்கும்வரை உட்கார்ந்திருக்காதே. நடுராத்திரியானாலும் சுங்கைப் பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விடு.

நாளை ஞாயிறுதான், ஆனாலும் நம் கெடாவில் கிளினிக் திறந்திருக்கும். மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கட்டும். ஏழரைக்கு நான் காரோடு வாசலில் நிற்பேன். பசியாறிவிட்டு, பிங்க் புக்கை எடுத்துக்கொண்டு இறங்கு.

அத்தை