அடக்கு என்றால் அடங்குமா?

முதலில் ஒரு சிறு சோதனை. கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிட நேரம் கண் இமைக்காமல் இருங்கள். அதே நேரத்தில் 17-ஆம் வாய்பாட்டை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வாருங்கள். சிறிது நேரத்தில் கண் உறுத்தத் தொடங்கும். இமைத்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு ஏறிக்கொண்டே போகும். வாய்பாடு பாதியில் நின்றுபோகும். கடைசியில் இமை மூடிக்கொள்ளும். உடனே ஒரு நிம்மதி உண்டாகும்.

இத்தகைய தவிப்பு கழுத்திலும் தோளிலும் தொண்டையிலும் நாள்தோறும் பலமுறை எழுந்தால் எப்படி இருக்கும்? டூரெட் நோய்க்குறித் தொகுதி உள்ள ஒரு மாணவனின் நிலை ஏறக்குறைய இதுதான்.

1885-ஆம் ஆண்டில், பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையைச் சேர்ந்த ழில் த லா டூரெட் என்ற மருத்துவர், இத்தகைய ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவருடைய ஆசிரியரான ஷார்கோ, தம் மாணவரின் பெயரையே இந்நிலைக்குச் சூட்டினார்.

திடீரென்று, விரைவாக, திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலி 'டிக்' எனப்படும். கண் சிமிட்டுதல், தலையை வெட்டுதல், தோளைக் குலுக்குதல் ஆகியவை அசைவு டிக்குகள். தொண்டையைச் செருமுதல், மூக்கை உறிஞ்சுதல், சிறு கூச்சல் ஆகியவை ஒலி டிக்குகள். பல அசைவு டிக்குகளும் ஓர் ஒலி டிக்காவதும் 18 வயதுக்கு முன் தோன்றி, ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதுவே டூரெட். பெரும்பாலும் 5 முதல் 7 வயதில் தொடங்கி, 10 முதல் 12 வயதில் மிகுந்து, பலருக்கு வாலிபப் பருவத்தில் தணிகிறது. பெண்களைவிட ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. டூரெட் உள்ள எல்லோரும் கெட்ட வார்த்தை பேசுவார்கள் என்பது தவறான எண்ணம்; சிறு பகுதியினரிடமே அது உண்டு.

இதற்குக் காரணம் என்ன? நமது அசைவுகளில் எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று ஒழுங்குபடுத்துவதில் மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்பணுத் திரள்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இவற்றையும் மூளையின் மேற்புறணியையும் இணைக்கும் நரம்புச் சுற்றுகளின் செயற்பாட்டில் ஏற்படும் மாறுபாடே டிக்குகளுக்கு அடிப்படை என்று கருதப்படுகிறது. மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு. இது தொற்றுநோயன்று, வளர்ப்பின் குறையுமன்று, அறிவுக் குறைவுமன்று.

ஆயினும் என்ன நடக்கிறது? ஓயாமல் கண் சிமிட்டும் பிள்ளையைக் கண் மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள். செருமும் பிள்ளைக்கு ஒவ்வாமை மருந்து கொடுக்கிறார்கள். வகுப்பிலோ அது குறும்பு என்று தண்டிக்கப்படுகிறது. டிக்கைச் சற்று நேரம் அடக்க முடிவதால், 'வேண்டுமென்றே செய்கிறான்' என்ற சந்தேகமும் எழுகிறது. அடக்குவதிலேயே கவனம் முழுவதும் போய்விட்டால் பாடம் எப்படி மனத்தில் பதியும்? உங்கள் வாய்பாடு என்னவாயிற்று என்று எண்ணிப் பாருங்கள்!

அமெரிக்காவைச் சேர்ந்த பிராட் கோஹன் சிறுவனாக இருந்தபோது, தாம் எழுப்பிய ஒலிகளுக்காக வகுப்பின்முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பின்னர் வேறொரு தலைமையாசிரியர் பள்ளி இசைநிகழ்ச்சியின்போது அவரை மேடைக்கு அழைத்து, அந்த ஒலிகளின் காரணத்தை அனைவருக்கும் விளக்கச் சொன்னார். சில நிமிடப் பேச்சுதான். பள்ளியின் பார்வையே மாறிவிட்டது. அந்தச் சிறுவரே வளர்ந்து, 24 பள்ளிகள் மறுத்த பின்பும் தளராமல் ஆசிரியரானார். 2018-இல் வந்த 'ஹிச்கி' என்ற இந்தித் திரைப்படம் அவரது நூலைத் தழுவியதே.

டூரெட்டை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. தவிப்பு எழும்போதே அதை உணர்ந்து, டிக்குக்கு இடங்கொடாத வேறோர் அசைவைச் செய்யும் பயிற்சி பலருக்கு உதவுகிறது. தேவைப்பட்டால் மருத்துவர் மருந்தும் தருவார். ஆசிரியர் தேர்வுக்குக் கூடுதல் நேரம் தரலாம். சற்று வெளியே போய்வர அனுமதிக்கலாம்.

நீங்கள் செய்யவேண்டியது இன்னும் எளிது. டிக்கை உற்றுப் பார்க்காதீர்கள். அதுபோல் நடித்துக் காட்டாதீர்கள். உங்கள் நண்பன் சொல்லவந்ததை முழுவதும் கேளுங்கள். யாரேனும் 'அடக்கிக்கொள்ளேன்!' என்று அவனைக் கடிந்துகொண்டால், ஒரு நிமிடம் இமைக்காமல் வாய்பாடு சொல்லும் சோதனையை அவருக்குக் கற்றுக்கொடுங்கள்.