வேரும் சோதனைக் குழாயும்

மூலிகை என்றதும் இருவகைப் பேச்சுகளைக் கேட்கிறோம். "முன்னோர் கண்டது, இதில் சோதிக்க என்ன இருக்கிறது?" என்பர் ஒரு சாரார். "பச்சிலை நோய் தீர்க்குமா?" என்பர் மறு சாரார். இரண்டும் ஆராயாமற் சொல்லும் சொற்களே. ஆராய்ந்தால் என்ன விளங்கும் என்பதற்கு, நாம் பயிலும் இக்கொல்கத்தா நகரே சான்று தருகிறது.

சர்ப்பகந்தா ஒரு சிறு செடி. அதன் வேரைச் சித்தம் கலங்கியவர்க்கும் உறக்கமற்றவர்க்கும் கொடுப்பது வங்காளத்திலும் பீகாரிலும் நெடுநாள் வழக்கம். 1931இல் இந்நகர மருத்துவர்களான கணநாத் சேனும் கார்த்திக் சந்திர போசும், அவ்வேர் மனநோயைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது எனக் கட்டுரை எழுதினர். சித்தரஞ்சன் அவென்யூவிலுள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் 1921இல் மருந்தியல் பேராசிரியரான இராம்நாத் சோப்ராவும் அவர் குழுவினரும் அதனை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர்.

இத்தகைய ஆய்வின் முறை யாது? முதலில், கைக்கு வந்தது அந்தச் செடிதானா என உறுதி செய்ய வேண்டும். பிறகு உலர்ந்த வேரைப் பொடித்துச் சாராயத்தில் ஊறவைத்து வடிப்பர். சாராயம் ஆவியானபின் எஞ்சுவதே சத்து. அதனை அமிலம், காரம் முதலியவற்றால் பல கூறுகளாகப் பிரிப்பர். ஒவ்வொரு கூறையும் அளந்து, மயக்க நிலையிலுள்ள விலங்குக்குச் செலுத்தி, இரத்த அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது எனக் குறிப்பர். மருந்து கலவாத திரவத்தை மட்டும் செலுத்தியும் ஒப்பிடுவர். இவ்வொப்பீடு இல்லையேல், தானே நேர்ந்த மாற்றத்தையும் மருந்தின் பயனென்று மயங்குவோம்.

1931இல் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி இவ்வேரிலிருந்து அஜ்மலின் முதலிய பொருள்களைப் படிகமாகப் பிரித்தார். ஆயினும் வேரின் அமைதி தரும் ஆற்றல் முழுவதும் அவற்றில் அடங்கவில்லை. அது பிசின் போன்ற கூறிலும் உண்டென்பதை 1944இல் இந்திய ஆய்வாளர் காட்டினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல், 50 நோயாளிகளிடம் கண்ட பயனை ஆங்கில இதழொன்றில் வெளியிட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அப்பிசின் கூறிலிருந்தே ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். வேண்டாமென்று ஒதுக்கத்தக்க கசடிலும் மருந்து இருக்கலாம் என்பது இங்கே நாம் கொள்ளும் பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. ரெசர்பின் நாளொன்றுக்குக் கால் மில்லிகிராமுக்கு மேல் பொதுவாக வேண்டியதில்லை. மிகுந்தால் மூக்கடைப்பும் சோர்வும் கடும் மனத்தளர்ச்சியும் நேரலாம். வேறு மருந்துகள் வந்தபின் அதன் வழக்கும் குறைந்தது. வேரின் சத்தோ மண்ணுக்கு மண் மாறுபடும். ஆகவே "ஒரு சிட்டிகை" என்பது இங்கே அளவாகாது. இயற்கையில் விளைந்தது என்பதனாலேயே தீங்கற்றதும் ஆகாது.

நம் சித்த மருத்துவ ஏடுகளிலும் பாட்டிமார் கைமருந்துகளிலும் எத்தனையோ வேர்கள் காத்திருக்கின்றன. அவற்றைப் போற்றுவோர் பலர், எள்ளுவோரும் பலர். அறிவியல் பயிலும் மாணவர் கேட்க வேண்டியவை மூன்று வினாக்கள்: எப்பொருள் வேலை செய்கிறது? எவ்வளவில்? என்ன தீங்கோடு? விடை தேடுவதே முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை.