வெடித்த எஞ்சினுக்கு எது வைத்தியம்?

சென்ற மாதம் நாகப்பட்டினத்துக் கரையில், ஃபைபர் படகின் அவுட்போர்டு எஞ்சின் பிளாக்கைத் தோளில் சுமந்து வந்த என் பயிற்சி மாணவன் ஒருவன், விரிசல் எவ்விடத்தில் என்று பார்க்குமுன்பே, "ஆர்கான் வெல்டிங் வச்சிடலாம் சார்" என்றான். ஏனென்று கேட்டதற்கு, "எல்லாரும் அதான் வைக்கிறாங்க; அப்பாவும் அதையே சொல்லிட்டாரு" என்றான். நோயறியாது மருந்தை நிச்சயித்த அந்தப் பேச்சே இதை எழுதக் காரணம்.

கையில் பணமுள்ளவன் புதுப் பிளாக் வாங்குவான். அவனுக்கு வழிகாட்டி வேண்டாம். மற்றவர்கள் முதலில் விரிசலின் எல்லையை அறிய வேண்டும். சுத்தம் செய்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைப் பூசினால், உள்ளே ஒளிந்த எண்ணெய் கசிந்து கோடு காட்டும்.

அக்கோடு குளிர்நீர் ஓடும் அறையின் வெளிச்சுவரோடு நின்றால், முனைகளில் சிறு துளையிட்டு, கோட்டைப் பள்ளமாக அராவி, எபாக்சி பசை அடைத்து, அது முற்றும் இறுகும்வரை காத்திருத்தல் போதும். எரியறைக்கும் பேரிங்குக்கும் பசை உதவாது. நீண்ட விரிசலுக்கு, ஒன்றையொன்று கவ்வும் திருகுகளால் சூடின்றித் தைப்பது உத்தமம். ஆனால் கைதேர்ந்தவர் அருமை. சிலிண்டரே பிளந்திருந்தால் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய நல்ல பிளாக்கைத் தேடுவதே விவேகம்.

ஆர்கான் மீது மட்டும் இத்தனை மோகம் ஏன்? புது அலுமினியத்தில் அது வெள்ளிக் கோடாய்ப் படிவதைக் கண்டவர்கள், வருஷக்கணக்கில் கடல்நீர் குடித்த வார்ப்பிலும் அவ்வாறே படியுமென நம்புகிறார்கள். அலுமினியம் சுமார் 660 பாகை செல்சியஸில் உருகும். அதன்மேல் படர்ந்த ஆக்சைடு ஏடோ 2000 பாகையிலும் உருகாது. வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெயும் உப்பும் அனலில் வாயுவாய்ப் பொங்கிப் பற்றவைப்பைச் சல்லடையாக்கும். இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்கும் சுபாவமும் இவ்வுலோகத்துக்கு இல்லை. பிளாக் முழுவதையும் முன்கூட்டிச் சூடேற்றாமல் ஓரிடத்தில் மட்டும் அனல் வைத்தால், பக்கத்திலேயே புது வெடிப்புப் பிறக்கும். சிலிண்டரின் வட்டம் கெடும். அப்புறம் லேத்துப் பட்டறையில் போரிங் போட்டுத் தளத்தைச் சமன்செய்யும் செலவு, பழைய பிளாக்கின் விலையையே எட்டிவிடும்.

நான் துவேஷத்தால் பேசுவதாகச் சிலர் சொல்வர், ஓரளவு உண்மைதான். வாலிபத்தில் என் சொந்த எஞ்சினுக்கு இவ்வாறு பற்றவைத்து, ஐந்தாம் நாள் நடுக்கடலில் பிஸ்டன் இறுகிப்போக, துடுப்புப் போட்டுக் கரைசேர்ந்தவன் நான். சுத்தமான வார்ப்பும் பொறுமையுள்ள கையும் அமைந்தால் ஆர்கானும் நன்றே; அவ்விரண்டும் கூடுவதுதான் அபூர்வம்.

சுண்ணாம்பு பூசியதும், மாணவனின் பிளாக்கில் நீரறையின் வெளிச்சுவரில் மட்டும் ஒரு சிறு கோடு தெரிந்தது. பசை போதுமென்றேன், அவன் முகம் வாடியது. மலிவான வைத்தியத்தில் அவனுக்குக் கௌரவம் தெரியவில்லை. தொழிலைத் தேர்வதிலும் நம் பிள்ளைகள் இப்படித்தான், தம் கைக்கு எது வாகென்று பாராமல், ஊர் மெச்சுவதையும் தகப்பன் விரும்புவதையும் எடுத்துக்கொண்டு பின்னர் வருந்துகிறார்கள். மறுபடி எஞ்சினுக்கு வந்தால், கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் அதற்கு நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவும் பொறுமை உள்ளவனுக்கு, இந்த வைத்தியங்களில் எதுவும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அந்தப் பொறுமையைக் கற்பிக்க எந்தப் பட்டறையாலும் இயலாது.