உயர்தரப் பரீட்சை: இன்னொரு முறை எழுதலாமா?

உயர்தரப் பெறுபேறு வெளிவந்ததும் பல வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது. பிள்ளை சித்தியடைந்துவிட்டது; ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாது. இன்னொரு முறை எழுத விடுவதா, தோட்ட வேலைக்குக் கூட்டிப் போவதா? ஊரை விட்டு வந்து பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் குடும்பத்துக்கு, வளர்ந்த பிள்ளையின் ஒரு வருட உழைப்பு சிறிய விடயமல்ல. அயலவர் சொல்வதைக் கேட்டு இதற்கு முடிவெடுக்க முடியாது. கணக்குப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு பெற்றோருக்கும் விளங்க வேண்டும்.

உங்களில் பலர் படித்த காலத்தில் நான்கு பாடங்கள், மொத்தம் 400 புள்ளிகள். கூட்டுத்தொகை எவ்வளவு என்றுதான் ஊரில் கேட்பார்கள். 2000ஆம் ஆண்டில் பாடங்கள் மூன்றாகின. 2001 முதல் கூட்டுத்தொகையின் இடத்துக்கு இசட் புள்ளி வந்தது. பிள்ளை ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழிப்பார்கள். வரும் விடையை நியம விலகலால் பிரிப்பார்கள். நியம விலகல் என்பது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் எண். சராசரி 40, நியம விலகல் 20, பிள்ளையின் புள்ளி 50 என்று வைத்துக்கொள்வோம். அப்பாடத்துக்கு விடை 0.5. இப்படி மூன்று பாடங்களுக்கும் வரும் விடைகளைக் கூட்டி மூன்றால் பிரித்தால், அதுவே பிள்ளையின் இசட் புள்ளி.

இனி இதை வீட்டுக்குப் பயன்படுத்துவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு கற்கைநெறிக்கும் மாவட்ட வாரியாக வெட்டுப்புள்ளியை வெளியிடுகிறது. உங்கள் மாவட்டத்தின் எண்ணையும் பிள்ளையின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடைவெளி 0.1 என்றால், மேலே சொன்னது போல ஒவ்வொரு பாடத்திலும் நியம விலகல் 20 அளவில் இருந்தால், மூன்று பாடங்களிலும் சேர்த்து 6 புள்ளிகள்தான் குறைவு. நேரம் போதாமல் விட்ட ஒரு வினாவின் பெறுமதி அது. இதற்காக ஒரு வருடம் கொடுப்பது வீணல்ல என்பதே எமது எண்ணம். இடைவெளி 1.0 என்றால் 60 புள்ளிகள். பாடத்துக்கு 20 வீதம் கூட வேண்டும். அதுவும் முடியாததல்ல. ஆனால் முன்பு படித்த விதத்திலேயே மீண்டும் படித்தால் வராது. வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும் என்பதால் அதற்குச் சற்று மேலேயே குறி வையுங்கள்.

புள்ளி எங்கே போனது என்றும் கேட்க வேண்டும். இடம்பெயர்ந்த பிள்ளைகள் பலருக்கு விடை தெளிவானது: ஒரு பாடசாலையில் தொடங்கி இன்னொன்றில் முடித்தார்கள், இடையில் சில அலகுகள் படிக்கவேயில்லை. அப்படியானால் இரண்டாம் முறைக்கு நிறைய இடமிருக்கிறது. படிக்காமல் விடுபட்ட அலகுகளையே முதலில் எடுக்க வேண்டும். எல்லாப் பாடமும் ஒழுங்காகப் படித்தும் இதே பெறுபேறு என்றால், ஆசிரியர் ஒருவரோடு இருந்து விடை எழுதும் முறையைப் பார்க்கச் சொல்லுங்கள். கடந்தகால வினாத்தாள்களும் புள்ளியிடும் திட்டமும் கிடைக்கின்றன. மணிக்கூட்டை வைத்து ஒரு வினாத்தாளை எழுதி, திட்டத்தோடு ஒப்பிட்டுத் தானே திருத்துவது, பத்து ரியூசன் வகுப்புகளில் குறிப்பு எழுதுவதை விட மேல்.

சில விதிகளை மறக்கக் கூடாது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தி வேண்டும். போன முறை எடுத்த ஒரு பாடத்தையும் இம்முறை எடுத்த இரண்டையும் சேர்க்க முடியாது. சாதாரண சித்திக்கு 35 புள்ளிகள். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகள் வேண்டும். இதைச் சிறிதாக நினைத்துக் கோட்டை விட்டவர்களும் உண்டு. பெறுபேற்றில் சந்தேகம் இருந்தால் குறித்த திகதிக்குள் மீள் பரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள்.

பெண்பிள்ளைக்கு ஒரு முறை போதும், ஆண்பிள்ளைக்கு மூன்று முறை என்று வைத்திருக்கும் வீடுகளும் எமக்குத் தெரியும். இசட் புள்ளிக் கணக்கில் அப்படியொரு விதி இல்லை.

இனி மாவட்டம் பற்றி. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமை வரிசைக்கும், 55 சதவீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வடக்கு, கிழக்கின் எட்டு மாவட்டங்களும் அந்தப் பதினாறில் அடங்கும். பிள்ளை எந்த மாவட்டத்துக்குரியவர் என்பதைப் படித்த பாடசாலைகளையும் நிரந்தர வதிவிடத்தையும் கொண்டு பார்ப்பார்கள். ஓடி ஓடி வந்த குடும்பங்கள் இடறுவது இங்கேதான். புள்ளி இருந்தும் தாள் இல்லை என்ற நிலை வரக் கூடாது.

ஆகவே விண்ணப்பப் படிவம் வருமுன்பே தாள்களைச் சேருங்கள். படித்த ஒவ்வொரு பாடசாலையின் விடுகைப் பத்திரமும் வேண்டும். பாடசாலை மூடப்பட்டிருந்தால் அல்லது இடம் மாறியிருந்தால் வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். வதிவிடத்துக்குக் கிராம அலுவலரின் சான்றிதழும் வாக்காளர் இடாப்பின் பிரதியும் உதவும். எல்லாவற்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்துங்கள், கடைசிக் கிழமைக்கு விடாதீர்கள். இரண்டு நிழற்படப் பிரதி எடுத்து, மூலத்தை ஒரு பொலித்தீன் பையிலும் பிரதியை உறவினர் வீட்டிலும் வையுங்கள்.

படிவத்தில் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதும்போது பிள்ளையோடு இருந்து ஆறுதலாக எழுதுங்கள். கிடைக்கக்கூடியவற்றில் மேலே எழுதியதே முதலில் கிடைக்கும். விவசாய பீடம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எதை முதலில் எழுதுவது என்பதை, போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் யோசித்து வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு பேனையை எடுங்கள்.