போன் மணி அடிக்கிறது, எண் மட்டும் வரவில்லையா?

கல்வராயன் மலைமேல் கைப்பேசி சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும். அங்கேயும் சரி, கீழே கச்சிராயபாளையம், சின்னசேலம் பக்கமும் சரி, பெரியவர்கள் தனியே இருக்கும் வீட்டில் ஒரு லேண்ட்லைன் இருந்தால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய நிம்மதி. கூப்பிடுவது யார் என்று தெரிந்து எடுக்க முடிந்தால் பெரியவர்களுக்கும் நிம்மதி. ஆனால் ஆசையாக வாங்கி மாட்டிய காலர் ஐடி போன் பல வீடுகளில் எண்ணைக் காட்டுவதே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

1. முதலில் உங்கள் லைனில் காலர் ஐடி வசதி போடப்பட்டிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வசதி இல்லாத லைனில் எந்தக் கருவியை மாட்டினாலும் எண் வராது.

2. பெரும்பாலான தகராறு இங்கேதான். அழைப்பவரின் எண்ணை எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் முறைகளில் நம் நாட்டில் புழங்குபவை இரண்டு. ஒன்று டி.டி.எம்.எஃப். பட்டனை அழுத்தும்போது கேட்கிறதே, அதே 'பீப்' ஒலிகளாக முதல் மணி அடிப்பதற்கு முன்பே எண் வந்து சேர்ந்துவிடும். மற்றது எஃப்.எஸ்.கே. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் உள்ள அமைதியில், நொடிக்கு 1200 பிட் வேகத்தில் வரும். ஒரு முறைக்கு மட்டும் செய்த கருவிக்கு மற்றது புரியாது. மணி ஒழுங்காக அடிக்கும், பேச்சு தெளிவாகக் கேட்கும், திரை மட்டும் வெறுமையாக இருக்கும். ஆகவே அட்டைப்பெட்டியின் மேல் இரண்டு முறைகளும் அச்சிடப்பட்டிருக்கும் போனையே வாங்குங்கள். சில போன்களில் முறையை மாற்ற அடியில் ஒரு சின்ன சுவிட்சோ, மெனுவில் ஒரு தேர்வோ இருக்கும். அதையும் மாற்றிப் பாருங்கள்.

3. உங்கள் லைன் எந்த வகை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு முறைகளும் தெரிந்த போன் ஒன்றைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி மாட்டி, கைப்பேசியிலிருந்து கூப்பிடுங்கள். முதல் மணியோடு எண் தெரிந்தால் டி.டி.எம்.எஃப். முதல் மணி ஓய்ந்த பிறகு தெரிந்தால் பெரும்பாலும் எஃப்.எஸ்.கே. எஃப்.எஸ்.கே. லைன் உள்ள வீட்டில் முதல் மணியிலேயே ரிசீவரை எடுக்கும் பழக்கம் இருந்தால் எண் வர நேரமே இருக்காது. இரண்டாவது மணி வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

4. எண் வருகிறது, ஆனால் ஓரிரு இலக்கம் குறைகிறது என்றால் அது டி.டி.எம்.எஃப். லைனில் சிக்னல் வலுவிழந்திருப்பதன் அடையாளம். அந்த முறையில் வந்த எண் சரிதானா என்று சோதிக்க வழி இல்லை, கிடைத்த இலக்கங்களை அப்படியே காட்டிவிடும். எஃப்.எஸ்.கே.யில் கூட்டிச் சரிபார்க்கும் ஏற்பாடு உண்டு. பழுதாக வந்தால் தப்பு எண்ணைக் காட்டாது, ஒன்றுமே காட்டாது அல்லது பிழை என்று காட்டும்.

5. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த போன் பெரும்பாலும் அந்த ஊர் எஃப்.எஸ்.கே. முறைக்குச் செய்தது. டி.டி.எம்.எஃப். லைனில் அது எண்ணைக் காட்டாது. அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் என்றால் நம் 230 வோல்ட்டில் செருகியதும் புகைந்துவிடும். டெக்ட் 6.0 என்று போட்ட அமெரிக்க கார்ட்லெஸ் போன்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையில் இயங்குபவை. இங்கே அது கைப்பேசி நிறுவனங்களின் அலைவரிசை என்பதால் அவற்றைப் பயன்படுத்த அனுமதி இல்லை. பிரியமாகக் கொடுத்தாலும் இந்த வகையை மாட்ட வேண்டாம்.

6. ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று, தனியாக ஒரு காலர் ஐடி பெட்டி என்று ஒரே லைனில் எல்லாவற்றையும் கோத்திருந்தால் சிக்னல் பங்கு போய் இளைத்துவிடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, காலர் ஐடி போனை மட்டும் நேராக ரோசெட் பெட்டியில் (லைன் வந்து சேரும் சுவர்ப் பெட்டி) மாட்டிப் பாருங்கள். எண் வந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் எண் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. உள்ளே உலோக மணி வைத்த பழைய கனத்த போன்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

7. மலையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இந்தத் தொல்லை கூடும். ஈரம் ஏறிய இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். ரிசீவரை எடுத்து ஒரே ஒரு எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் கரகரப்போ கொதிக்கிற மாதிரி இரைச்சலோ கேட்டால் பழுது லைனில்தான் இருக்கிறது. ரோசெட் மூடியைக் கழற்றி, திருகை இளக்கி, கம்பி நுனியைச் சுரண்டி மறுபடி முறுக்கினால் பல வீடுகளில் சரியாகிவிடும். லைனில் எப்போதும் 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும் நேரத்தில் அதோடு சுமார் 75 வோல்ட் மணி மின்சாரமும் சேரும். ஈரக் கையோடு தொடாதீர்கள். வெளிச்சுவரிலோ கம்பத்திலோ உள்ள டி.பி. பெட்டியை லைன்மேன்தான் திறக்க வேண்டும்.

8. அதே செம்புக் கம்பியில் பிராட்பேண்டும் வருகிறதா? ஸ்ப்ளிட்டரில் (லைனைப் போனுக்கும் மோடத்துக்கும் பிரிக்கும் பெட்டி) 'போன்' என்று எழுதிய துளையில்தான் காலர் ஐடி போன் இருக்க வேண்டும். ஸ்ப்ளிட்டர் இல்லாமல் நேராக லைனில் மாட்டினால் இன்டர்நெட் அலைகள் எஃப்.எஸ்.கே. சிக்னலைக் குழப்பும்.

9. ஃபைபருக்கு மாறியவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. இப்போது உங்கள் போனுக்கு எண்ணை அனுப்புவது எக்ஸ்சேஞ்ச் அல்ல, வீட்டுச் சுவரில் இருக்கும் ஓ.என்.டி. பெட்டிதான். பல பெட்டிகளில் எந்த நாட்டு முறை, எஃப்.எஸ்.கே.யா டி.டி.எம்.எஃப்.ஆ என்பது உள் அமைப்பில் இருக்கும் ஒரு தேர்வு. செம்பு லைனில் பத்து வருடம் உழைத்த போன் ஃபைபர் போட்ட மறுநாளே எண் காட்டாமல் போவது இதனால்தான். புதுப் போன் வாங்காதீர்கள். இணைப்புக் கொடுத்தவரை அழைத்து, காலர் ஐடி முறையை மாற்றித் தரச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. பழைய சுழல் டயல் போன்களின் துடிப்பைச் சில ஓ.என்.டி.கள் ஏற்பதில்லை. போனில் 'பி' (துடிப்பு), 'டி' (டோன்) என்று சுவிட்ச் இருந்தால் 'டி'யில் வையுங்கள். இன்னொன்று, செம்பு லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, கரன்ட் போனாலும் பேசலாம். ஃபைபரில் அப்படி இல்லை. கரன்ட் அடிக்கடி போகும் மலையூர்களில் ஓ.என்.டி.க்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள்.

10. திரையில் வந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டால் போகவில்லையா? 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து கைப்பேசிக்கு முன்னால் 0 சேர்த்தே போட வேண்டும். காலர் ஐடி போனோ வந்த பத்து இலக்கங்களை மட்டும் நினைவில் வைத்திருக்கும், அதன் 'கால் பேக்' பட்டன் அதையே போடும். சில போன்களில் 0 சேர்க்கும் வசதி மெனுவில் உண்டு. இல்லையென்றால் முதலில் 0, பிறகு எண் என்று கையால் போடச் சொல்லிக் கொடுங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே கள்ளக்குறிச்சிக்கு 04151, உளுந்தூர்பேட்டைக்கு 04149, திருக்கோவிலூருக்கு 04153 என்று எஸ்.டி.டி. கோடு வேறுபடுவதையும் போன் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

11. டி.டி.எம்.எஃப். முறையில் தேதியும் நேரமும் வருவதில்லை. பேட்டரி மாற்றும்போதெல்லாம் கடிகாரத்தை நீங்களே சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் உள்ள நேரங்கள் எல்லாம் தவறாக இருக்கும்.

12. அரிசி ஆலை, லாரி ஆபீஸ் போன்ற இடங்களில் இன்டர்காம் பெட்டி வழியாகப் போகும் போன்களுக்குப் பல சமயம் எண் போய்ச் சேராது. காலர் ஐடி கருவியை இன்டர்காமுக்கு முன்பே, வெளி லைன் நுழையும் இடத்தில் மாட்டுங்கள்.

13. இடி மின்னல் நெருங்குவதற்கு முன்பே லைன் பின்னையும் அடாப்டரையும் சேர்த்தே கழற்றுங்கள், ஒன்றை மட்டும் கழற்றுவதில் பயன் இல்லை. கண்ணாடி இழையில் மின்னல் பாயாது என்று ஃபைபர்காரர்கள் சும்மா இருக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் தட்டைக் கேபிளில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி ஓடும், அடாப்டர் வழியாகவும் மின்னல் வரும். கம்பியுள்ள ரிசீவரில் இடி இடிக்கும்போது பேசுவது ஆபத்து.

14. எண் வரத் தொடங்கியதும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: 140 என்று தொடங்கினால் விளம்பர அழைப்பு. 1600 என்ற வரிசை வங்கி, அரசு போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்காக 2024இல் ஒதுக்கப்பட்டது. சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து பேங்க் என்று சொல்லிக்கொண்டு ஓ.டி.பி. கேட்டால் உடனே வைத்துவிடச் சொல்லுங்கள்.

15. லைன்மேனைக் கூப்பிடும்போது "காலர் ஐடி வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எண் வரவே இல்லையா, குறைந்து வருகிறதா, முதல் மணியில் வருகிறதா பிறகா, மழை நாளில் மட்டுமா, கைப்பேசியிலிருந்து வந்தால் மட்டுமா என்று ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். மலை ஏறி வருகிற மனிதர் எதைக் கையில் எடுத்து வர வேண்டும் என்று கீழேயே தெரிந்துகொள்வார்.